உரியும் பெயிண்ட், தேயும் பெயிண்ட்

பூங்காவிலோ வீட்டுத் தோட்டத்திலோ இரண்டு மூன்று மழைக்காலம் பார்த்துவிட்ட மர பெஞ்சு ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பெயிண்ட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போயிருக்காது. பலகையின் நடுப்பகுதி பளபளப்பு குறைந்திருந்தாலும் பிடித்துக்கொண்டிருக்கும். பலகையின் இரு முனைகள், கால்களின் அடிப்பாகம், காலும் சட்டமும் சேரும் மூட்டு, கூரான விளிம்பு, ஸ்க்ரூவைச் சுற்றிய இடம் என்று சில இடங்களில் மட்டும் செதில் செதிலாக எழும்பியிருக்கும். அந்தச் செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பல நேரம் அதன் அடியில் மெல்லிய மர நார்கள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அப்படியானால் பெயிண்ட் மரத்தை விடவில்லை. மரம்தான் தன் மேல்தோலை விட்டிருக்கிறது.

வெயில் மட்டும்தான் காரணம் என்றால், அது நேராக விழும் நடுப்பலகை முதலில் போயிருக்க வேண்டும். மழை மட்டும்தான் காரணம் என்றால், நனையும் இடமெல்லாம் ஒன்றாகப் போயிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. வெளியில் கிடக்கும் மரத்துக்கு நீடித்து நிற்கும் பூச்சு எது என்று தெரிய வேண்டுமானால், உரிதல் ஏன் இந்த இடங்களைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கடையில் எந்த டப்பாவை வாங்குவது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

முனை குடிக்கும் தண்ணீர்

உயிரோடு நின்ற காலத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றுவது மரத்தண்டின் வேலை. அதற்கான குழாய்கள் தண்டின் நீளவாக்கில் ஓடுகின்றன. அறுத்துப் பலகையாக்கிய பிறகும் அவை அப்படியேதான் இருக்கின்றன. அவற்றின் வாய் திறந்திருப்பது பலகையின் குறுக்கே அறுத்த முனைகளில். அதனால்தான் தட்டையான முகத்தைவிட முனை பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கிறது. ஈரத்தரையில் நிற்கும் பெஞ்சின் கால் ஒவ்வொன்றும் இப்படித் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். மூட்டிலும் இதே கதைதான். கழுந்து செருகிய துளைக்குள் மழைநீர் இறங்கித் தேங்கினால், கழுந்தின் முனை நாள்கணக்கில் அந்த நீரிலேயே ஊறும்.

உள்ளே போன தண்ணீர் முதலில் செல்களின் சுவருக்குள் புகுந்துகொள்கிறது. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரையிலான ஈரத்தை இந்தச் சுவர்களே ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் வருவது செல்களின் நடுவில் உள்ள வெற்றிடத்தை நிரப்பும். இந்த 30 சதவீதக் கோடு முக்கியமானது. அதற்குக் கீழே ஈரம் கூடினால் மரம் உப்பும், குறைந்தால் சுருங்கும். கோட்டைத் தாண்டிய ஈரம் மரத்தின் அளவை மாற்றாது.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு மழைகூடத் தேவையில்லை, காற்றின் ஈரப்பதமே போதும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் சுமார் 9 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். காற்று 80 சதவீதத்துக்குப் போனால் மரம் 15 சதவீதத்துக்கும், 90 சதவீதத்துக்குப் போனால் 20 சதவீதத்துக்கும் நகரும். பங்குனி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே பெஞ்சு ஒவ்வொரு ஆண்டும் இந்தத் தூரத்தைப் போய்வருகிறது.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் உப்புவதும் இல்லை. நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். பச்சை மரம் முற்றிலும் உலரும்போதுகூட நீளம் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் குறையும். தேக்கை எடுத்துக்கொண்டால், ஆண்டு வளையங்களைக் குறுக்காக வெட்டும் திசையில் சுமார் 2.5 சதவீதம் சுருங்கும். வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் சுமார் 5.8 சதவீதம். இதைக் கணக்காக்கிப் பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகை 9 சதவீத ஈரத்திலிருந்து 15 சதவீதத்துக்குப் போனால், அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் கூடும். மேலே ஒட்டியிருக்கும் பெயிண்டும் அதே அளவு நீண்டு, வெயில் வந்ததும் அதே அளவு சுருங்க வேண்டும். நன்றாக உலரும் மரங்களில் பெயர் வாங்கிய தேக்கின் கணக்கே இப்படி என்றால், மற்ற மரங்களைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

உப்பலைத் தாங்கிக்கொண்ட பெயிண்டுக்கும் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. முனை வழியாகவும் வெடிப்பு வழியாகவும் திரவமாகப் புகுந்த நீர், மழை விட்டு வெயில் அடித்ததும் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். மேலே ஆவி புகாத படலம் இருந்தால் அந்த அழுத்தம் படலத்தின் அடிப்பக்கத்தைத் தள்ளும். முதலில் கொப்புளம் எழும், பிறகு அது உடையும், உடைந்த வாய் வழியே அடுத்த மழை இன்னும் சுலபமாக உள்ளே போகும். முனைகளும் மூட்டுகளும் முதலில் உரிவதன் காரணம் இதுதான். தண்ணீர் நுழைவது அங்கே, அது சிக்கிக்கொள்வதும் அங்கேயே.

வெயில் கரைக்கும் பசை

நார் ஒட்டிய செதிலுக்கு விளக்கம் வேறு. மரத்தின் நார்கள் செல்லுலோஸால் ஆனவை. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது லிக்னின் என்ற பொருள். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களைப் பிடித்துக்கொள்வதில் லிக்னின் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனமே அதற்கு வினையாகிறது. கதிரை உறிஞ்சிய மூலக்கூறு உடைந்துபோகிறது, மழை அந்தத் துண்டுகளைக் கழுவிக்கொண்டு போகிறது, மேற்பரப்பில் பிடிப்பில்லாத செல்லுலோஸ் நார் மட்டும் மிஞ்சுகிறது. பூசாமல் விட்ட மரம் சாம்பல் நிறமாவது இதனால்தான். அந்த நிறத்துக்கு ஒருவகைப் பூஞ்சைகளும் கைகொடுக்கின்றன.

புறஊதாக் கதிர் மரத்துக்குள் போகும் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் அரிப்பும் மெதுவானதே. வெளியில் நிற்கும் ஊசியிலை மரப் பலகை நூறு ஆண்டுகளில் 6 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தேயும். மரத்தின் பலத்துக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் பெயிண்ட் பிடித்துக்கொள்வது அந்த மேல்தோலைத்தான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில், 1910 முதல் இயங்கிவரும் அரசு வனப்பொருள் ஆய்வகம் இதை நேராகச் சோதித்துப் பார்த்தது. இழைத்த சிடார் பலகைகளில் சிலவற்றை உடனே பூசினார்கள். மற்றவற்றை 1, 2, 4, 8, 16 வாரம் என்று வெவ்வேறு காலம் வெறுமனே வெயிலில் வைத்திருந்து பிறகு பூசினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சு: ஒரு கோட் எண்ணெய் பிரைமர், அதன்மேல் இரண்டு கோட் அக்ரிலிக். 16 வாரம் காய்ந்த பலகைகளில் மூன்றே ஆண்டுக்குள் பெயிண்ட் உரிந்தது. வெயில் படாமல் உடனே பூசிய பலகைகளில் 13 ஆண்டுக்குப் பிறகும் உரிதலின் அடையாளமே இல்லை. டப்பா ஒன்று, பூசிய முறை ஒன்று. பூசும் முன்னர் பலகை பார்த்த வெயில் மட்டுமே வேறு.

புது மரச்சாமானை வாங்கி வந்து, 'ஒரு சீசன் வெயிலில் கிடந்து பதப்படட்டும்' என்று விடுவது நம்மிடையே சகஜம். மரம் உலர வேண்டும் என்ற அளவில் அது சரிதான். ஆனால் உலர வேண்டிய இடம் நிழல். ஏற்கெனவே வெயிலில் கிடந்து சாம்பல் பூத்த பெஞ்சாக இருந்தால், உப்புத்தாள் போட்டுப் புது மரத்தின் நிறம் தெரியும் வரை தேய்த்து எடுத்த பிறகே பிரைமரைத் திறக்க வேண்டும்.

வார்னிஷ் வெளியில் நிற்காமல் போவதற்கும் இதே விளக்கம்தான். மரத்தின் ரேகை அழகாகத் தெரிய வேண்டும் என்று தெளிந்த வார்னிஷ் அடிக்கிறோம். ரேகையைப் பார்க்கும் கண்ணுக்கு ஒளி போய்வருகிறது என்றால், அதே வழியில் புறஊதாவும் உள்ளே போகிறது. வார்னிஷ் நன்றாக இருக்கும்போதே அடியில் லிக்னின் சிதைந்துகொண்டிருக்கும். ஒருநாள் முழுப் படலமும் கண்ணாடித் தாள்போல எழும்பிவிடும். கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள் சேர்த்த வார்னிஷ்கள் இந்த நாளைத் தள்ளிப்போடும், தவிர்க்காது. கதிரை உண்மையில் தடுப்பவை பெயிண்டில் உள்ள நிறமித் துகள்கள். வெள்ளை பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடும், காவிச் சிவப்பில் இருக்கும் இரும்பு ஆக்சைடும் மரத்துக்குப் பிடித்த குடைகள்.

எண்ணெய் காய்வதும் பால் காய்வதும்

எந்தப் பெயிண்டிலும் நிறமியைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பான் ஒன்று உண்டு. பெயிண்டின் ஆயுள் பெரும்பாலும் அதன் ஆயுள்தான்.

பழைய பிணைப்பான் ஆளி விதை எண்ணெய். எண்ணெய் எப்படிக் காயும்? ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகின்றன. இதற்கு மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் வேண்டும். ஆளி விதை எண்ணெயில் பாதிக்குமேல் இருக்கும் லினோலெனிக் அமிலத்தில் அவை மும்மூன்றாக உள்ளன. தேங்காய் எண்ணெயில் அநேகமாக இல்லை, அதனால் அது எத்தனை நாள் வைத்தாலும் காயாது. நல்லெண்ணெய் நடுத்தரம். சமையலறை அலமாரியில் துடைக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும் எண்ணெய்ப் பிசுக்கு, பாதி வழியில் நிற்கும் பெயிண்ட்தான்.

1920களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராய் கீன்ல் போன்றவர்கள் உருவாக்கிய ஆல்கிட் ரெசின், இந்த எண்ணெயையே செயற்கைப் பாலிமரோடு இணைத்தது. இன்று கடையில் 'சிந்தெடிக் எனாமல்' என்று நாம் கேட்டு வாங்குவது அதுதான். சீக்கிரம் காயும், பளபளக்கும், கெட்டியாக நிற்கும். குறை ஒன்றே: காய்ந்து முடிந்த பிறகும் ஆக்சிஜனோடு நடக்கும் வேதிவினை நிற்பதில்லை. ஆண்டுக்காண்டு படலத்தின் பின்னல் இறுகிக்கொண்டே போகும். முதல் ஆண்டில் பலகையோடு நீண்டு சுருங்கிய படலம், சில ஆண்டுகளில் நீள மறுத்து வெடிக்கும்.

1953ல் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம், வீட்டு பெயிண்டுக்கென்று முழு அக்ரிலிக் எமல்ஷனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இது காயும் விதமே வேறு. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் உருண்டைகள் பால்போல் தோன்றும். தண்ணீர் போகப் போக உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றுக்குள் ஒன்று கலந்து படலமாகின்றன. வேதிவினையால் காயவில்லை என்பதால் தொடர்ந்து இறுகிப்போவதும் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகும் வளைந்து கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரவ நீரைத் தடுத்தாலும் நீராவியை ஆல்கிட்டைவிட அதிகமாக வெளியே விடும். மேடிசன் சோதனையில் மேல் கோட்டாக இருந்தது அக்ரிலிக் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் ஊர் ஹார்டுவேர் கடையின் எழுதாத சட்டம், 'சுவருக்கு எமல்ஷன், மரத்துக்கும் இரும்புக்கும் எனாமல்' என்பது. வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு அது சரி. வெளியில் கிடக்கும் மரத்துக்கு அந்தச் சட்டத்தை மறுபரிசீலனை செய்யலாம். அதற்காக மிச்சமிருக்கும் சுவர் எமல்ஷனை எடுத்து நாற்காலியில் அடித்துவிடக் கூடாது. சுவர் பெயிண்ட் மென்மையானது. சித்திரை வெயிலில் இளகி, உட்கார்ந்தவரின் வேட்டியைப் பிடித்துக்கொள்ளும், அழுக்கையும் சேர்த்துக்கொள்ளும். மரத்துக்கென்றே வரும், வெளிப்புற உபயோகத்துக்கான அக்ரிலிக்குகள் கெட்டியாகக் காய்பவை. 'வாட்டர் பேஸ்டு எனாமல்' என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும்.

ஃபாலுன் சிவப்பு

வெளியில் நிற்கும் மரத்துக்கான பூச்சுகளில் உலகத்திலேயே நீண்ட நாள் அனுபவம் உள்ளவற்றில் ஒன்று சுவீடனுடையது. அந்நாட்டுக் கிராமங்களின் மர வீடுகளும் களஞ்சியங்களும் ஒரே மங்கிய சிவப்பில் இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஃபாலுன் நகரத்துச் செம்புச் சுரங்கத்தில் கழிவாகக் குவிந்த மண்ணிலிருந்து வரும் நிறம் அது. சுரங்கம் 1992ல் மூடப்பட்டது, 2001ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெயிண்ட் தயாரிப்பு இன்றும் நடக்கிறது.

செய்முறை ஏறக்குறைய சமையல்தான். தண்ணீரில் ரை தானிய மாவைக் காய்ச்சிக் கஞ்சியாக்கி, அதில் இரும்பு சல்பேட்டையும் சிவப்பு நிறமியையும் கலக்க வேண்டும். சிலர் கொஞ்சம் ஆளி விதை எண்ணெயும் சேர்ப்பார்கள். கஞ்சியின் மாவுச்சத்துதான் பிணைப்பான். எந்தப் பெயிண்ட் பொறியாளரும் இதை வலுவான பிணைப்பான் என்று சொல்லமாட்டார். ஆனாலும் பனியிலும் மழையிலும் நூற்றாண்டுகளாக இது நிற்கிறது.

காரணம், இது படலமாக மூடுவதே இல்லை. சொரசொரப்பான, பளபளப்பில்லாத, நுண்துளைகள் நிறைந்த அடுக்காக மரத்தில் படிகிறது. நனைந்த மரம் அதன் வழியே தாராளமாக உலர்ந்துவிடுகிறது. சிக்கிக்கொள்ள ஆவி இல்லை, அதனால் கொப்புளம் இல்லை. இழுபடப் படலம் இல்லை, அதனால் வெடிப்பும் இல்லை. நிறமியில் உள்ள இரும்பு ஆக்சைடு புறஊதாவை நிறுத்திவிடுகிறது. ஆண்டுகள் போகப் போக மேலடுக்கு மெல்லத் தூளாகித் தேய்கிறது. மறுபடி பூச வேண்டுமென்றால் ஒரு பிரஷால் அந்தத் தூளைத் தட்டிவிட்டு மேலேயே பூசலாம். சுரண்டல் வேலை கிடையாது.

எந்தப் பூச்சும் ஒருநாள் போகத்தான் போகிறது. கேள்வி, அது உரிந்து போகிறதா, தேய்ந்து போகிறதா என்பதே. உரிவது ஒரு மூலையில் தொடங்கி, நன்றாக இருக்கும் பகுதியையும் இழுத்துக்கொண்டு போகும், அடுத்த முறை முழுவதையும் சுரண்டவைக்கும். தேய்வது அடுத்த கோட்டுக்கு அடித்தளமாகவே நிற்கும். ஃபாலுன் சிவப்பில் உட்கார்ந்தால் உடையில் ஒட்டும், அதனால் பெஞ்சுக்கு அது உதவாது. ஆனால் பெஞ்சுக்கு எந்தப் பெயிண்டைத் தேர்ந்தெடுத்தாலும், அதைத் தேயவைக்கும் வழியில் வேலையை அமைக்கலாம்.

தேக்கின் குணம்

தோட்டச் சாமான் என்றதும் நம் மனம் தேக்கைத் தேடும். வைரம் பாய்ந்த தேக்கில் உள்ள எண்ணெய்ப் பசையும் குயினோன் வகைப் பொருள்களும் கரையானையும் பூஞ்சையையும் விரட்டுகின்றன. ஆனால் அதே பொருள்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. எண்ணெய் பெயிண்டும் ஆல்கிட்டும் காய்வதே ஆக்சிஜனேற்றத்தால் என்பதால், தேக்கின்மேல் அவை சில நேரம் நாள்கணக்கில் பிசுபிசுவென்று நிற்கும். கடைசியாக உப்புத்தாள் போட்டதும், துணியில் தின்னர் தொட்டு மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, எண்ணெய் மறுபடி ஊறி வெளியே வருவதற்குள் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுவது ஆசாரிகளும் பெயிண்டர்களும் கையாளும் வழி.

தேக்கை வெறுமனே விடுவதும் மரியாதையான வழிதான். வைரப் பகுதி பூச்சில்லாமலே பல்லாண்டு நிற்கும், சாம்பல் நிறத்தை ஏற்றுக்கொள்ளும் மனம் நமக்கு இருந்தால் போதும். ஆனால் ஓரத்தில் வெள்ளை விழுந்த பலகைக்கு இந்தச் சலுகை இல்லை. வெள்ளைப் பகுதி எந்த மரத்திலும் அழுகக்கூடியதே. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை பூஞ்சைக்கு அங்கே வாழ்வு இல்லை. பெயிண்ட் பூஞ்சையைக் கொல்வதில்லை. ஈரத்தை அந்தக் கோட்டுக்குக் கீழே வைத்திருக்க உதவுகிறது, அவ்வளவே. சிக்கிய ஈரத்தை வெளியே விடாத பெயிண்ட் அந்த உதவியைக்கூடச் செய்யாது. அழுகலை மூடி மறைக்கும்.

பைன் மரத்தில் வேறு தொல்லை. கணுக்களில் உள்ள பிசின் வெயிலில் இளகி, வெள்ளை பெயிண்டின் மேல் மஞ்சள் திட்டாகக் கசியும். கணுக்களின்மேல் மட்டும் அரக்கைச் சாராயத்தில் கரைத்த பாலிஷை ஒரு கோட் கொடுத்தால் பிசின் உள்ளேயே நிற்கும். அரக்கு வெளியில் தாங்காது, ஆனால் பெயிண்டுக்கு அடியில் அது வெயில் பார்க்கப் போவதில்லை. டானின் மிகுந்த மரங்களில் சாதாரண இரும்பு ஆணி அடித்தால் கருநீலக் கறை படரும். பழைய காலத்து எழுத்து மை செய்த அதே வேதிவினை அது. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டால் இந்தக் கவலை இல்லை.

வேலையின் வரிசை

இனி, கையில் பிரஷ் எடுக்கலாம். முதல் வேலை பெயிண்ட் அல்ல, வடிவம். உட்காரும் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா, தண்ணீர் வடியச் சிறிது சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். கூர் விளிம்புகள் எல்லாவற்றையும் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். ஈரமான பெயிண்ட், பரப்பு இழுவிசையால் கூர் விளிம்பிலிருந்து பின்வாங்கும். அங்கே படலம் மற்ற இடத்தில் பாதிகூட இருக்காது. மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வளைவு கொடுத்தால் இந்தப் பின்வாங்கல் நின்றுவிடும்.

அடுத்து உப்புத்தாள். வீட்டுக்குள் இருக்கும் மேஜைக்குப் போடுவதுபோல் வழவழப்பாக இழைக்க வேண்டாம். 80லிருந்து 120 வரையிலான எண்ணே போதும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் பெயிண்டுக்குப் பிடிமானமும் கூடும், தடிமனும் கூடும். தூசியைத் துடைத்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் எண்ணெய்ப் பசையோ பழைய மெழுகோ இருக்கிறது. மெல்ல உள்ளே இறங்கினால் மரம் தயார்.

மூன்றாவது, முனைகள். குறுக்கே அறுத்த முனை ஒவ்வொன்றுக்கும் பிரைமரை அது குடிக்கும் வரை இரண்டு மூன்று முறை கொடுக்க வேண்டும். பெஞ்சைக் கவிழ்த்து, கால்களின் அடியில் கொடுப்பது இதில் முதல். பெரும்பாலான பெயிண்டர்கள் கண்ணில் படாத அடிப்பக்கத்தை விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை, பூசாத பக்கத்தில் வேகமாக ஈரம் ஏற்று வளையும். ஆறு முகங்களும் பூசப்பட வேண்டும், முடிந்தால் மூட்டுகளைச் சேர்ப்பதற்கு முன்பே. கழுந்தின் பசை பிடிக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடலாம்.

பிறகு தடிமன். ஒரு லிட்டர் பெயிண்டைப் பத்துச் சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப் படலம் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அக்ரிலிக்கில் திடப்பொருள் கன அளவில் 35 முதல் 40 சதவீதம் என்று வைத்தால், காய்ந்ததும் மிஞ்சுவது 35 முதல் 40 மைக்ரான். வெளியில் நிற்கத் தேவையானது 100 மைக்ரானுக்குச் சற்று மேல். ஆக, ஒரு கோட் பிரைமரும் இரண்டு கோட் பெயிண்டும் என்ற பழைய கணக்குக்கு அர்த்தம் இருக்கிறது. 'நன்றாக இழுபடும்' என்று தண்ணீரை அதிகமாகக் கலந்தால் கோட்டின் எண்ணிக்கை சரியாக இருக்கும், தடிமன் இருக்காது. தடிமன் போதாத இடத்தில் புறஊதா மரத்தை எட்டிவிடும். பிரைமர் அடித்துவிட்டு மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் நல்லதல்ல. இரண்டு வாரத்துக்குள் மேல் கோட்டுகளை முடித்துவிட வேண்டும்.

எப்போது பூசுவது? தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை விட்டு, மார்கழிப் பனியும் போய், மரம் நன்றாக உலர்ந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் வசதி. அதிலும் காலைப் பனி காய்ந்த பிறகு, நிழலில். நேர் வெயிலில் பூசினால் மேற்புறம் உடனே ஆடை கட்டும், அடியில் உள்ள ஈரம் சிக்கிக் கொப்புளிக்கும். மாலையில் பூசி இரவுப் பனி விழுந்தால், அக்ரிலிக்கில் கலந்துள்ள சோப்புத்தன்மைப் பொருள்கள் பழுப்புக் கோடுகளாக வழியும். உதகையிலும் கொடைக்கானலிலும் குளிர் காலத்தில் இன்னொரு எச்சரிக்கை தேவை. வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கினால் பாலிமர் உருண்டைகள் நசுங்கிக் கலக்காது. காய்ந்ததுபோலத் தோன்றும், ஆனால் படலம் உருவாகியிருக்காது.

ஈயமும் எண்ணெய்த் துணியும்

பழைய பெஞ்சைச் சுரண்டும் முன் அதன் வயதைக் கேளுங்கள். ஈய வெள்ளை எனப்பட்ட ஈயக் கார்பனேட் நூற்றாண்டுகள் பெயிண்டின் ராஜாவாக இருந்தது. எண்ணெயோடு வினைபுரிந்து ஈயச் சோப்புகளை உண்டாக்கி, வளைந்துகொடுக்கும் படலத்தைத் தந்தது. 'தாத்தா காலத்து பெயிண்ட் மாதிரி வருமா' என்ற பேச்சில் உண்மை உண்டு. அதற்கு விலையாகப் போனது குழந்தைகளின் மூளை. இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016ல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியில் ஒற்றி எடுங்கள். பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம்.

ஆளி விதை எண்ணெய் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து. ஆக்சிஜனை இழுக்கும் வேதிவினை வெப்பத்தை வெளியிடும். பலகையில் மெல்லிய படலமாக இருக்கும்போது அது காற்றில் கலைந்துவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து, துணி தானாகத் தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் மாடியில் தீ இப்படித்தான் தொடங்கியது. மர வேலைப்பாடுகளைப் புதுப்பித்தவர்கள் விட்டுப்போன எண்ணெய்த் துணிகள் காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். 30ஆம் மாடியில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்கள்தான் தீயை நிறுத்தின. எண்ணெய்த் துணியை விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

எப்போது மறுபடியும்

பூசி முடித்த பெஞ்சுக்கு ஆண்டுக்கு ஒரு மணி நேரம் போதும். மழைக்காலம் முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் கழுவி, முனைகளையும் மூட்டுகளையும் கால்களின் அடியையும் பார்த்து, வெடித்த இடத்தில் மட்டும் தேய்த்துப் பிரைமரும் பெயிண்டும் தொட்டுவிட வேண்டும். கையால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். அது பிணைப்பான் தேய்ந்து நிறமி வெளிவருவதன் அடையாளம். பலர் அதைப் பெயிண்ட் கெட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் மறுபடி பூச அதைவிட நல்ல நேரம் கிடையாது. தூளைக் கழுவி, உப்புத்தாளை லேசாக ஓட்டி, ஒரே ஒரு கோட் கொடுத்தால் போதும்.

தேவையில்லாமல் ஆண்டுதோறும் அடிப்பதும் தவறு. கோட்டின்மேல் கோட்டாகத் தடித்த படலம் ஆவியை விடாது, வளையாது. கடைசியில் ஒட்டுமொத்தமாக உரியும். பழைய பூச்சின்மேல் அடிக்கலாமா என்று சந்தேகம் வந்தால், பிளேடால் பெருக்கல் குறிபோல் கீறி, அதன்மேல் ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் பிய்த்துப் பாருங்கள். டேப்போடு செதில்கள் வந்தால், புதுக் கோட்டுக்குக் கீழே இருப்பது அடித்தளம் அல்ல, உதிரப் போகும் குப்பை. முழுவதையும் சுரண்டி, புது மரம் தெரியும் இடத்திலிருந்து தொடங்குவதே மிச்சம்.

'பத்து வருட உத்தரவாதம்' என்று டப்பாவில் இருப்பது பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும் சுவரை நினைத்து எழுதப்பட்டது. பலகை மட்டமாகக் கிடக்கிறது, வெயிலை நேராக வாங்குகிறது, தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. அதன் ஆயுள் எப்போதும் குறைவுதான். ஆகையால் கடைக்காரரிடம் எத்தனை வருடம் வரும் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வளைந்துகொடுக்குமா, நீராவியை விடுமா, போகும்போது உரியுமா தேயுமா என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால், இரண்டு டப்பாக்களிலிருந்தும் ஒரே மரத்துண்டின் இரு பாதிகளில் பூசி, முனைகளை மூடாமல் மொட்டைமாடியில் ஒரு மழைக்காலம் போட்டு வையுங்கள். அடுத்த மாசியில் டேப்பை ஒட்டிப் பிய்த்தால் பதில் கைக்கு வந்துவிடும்.